கைக்கு வரும் பந்து

கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவரா நீங்கள்? அப்படியானால் ஒரு கேள்வி. சம்பளம் வாங்கிக்கொண்டு உங்களோடு ஆடுகிற மார்க்கரைப் போன வாரம் தோற்கடித்தீர்களே, அவன் உண்மையாகவே தோற்றானா?

முனிசாமி அப்படித் தோற்றே பிழைத்தவன். பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். சித்தூர் அதிகாரிகள் கிளப்பில் ஆடுகளத்துக்குச் சாணி மெழுகப் போனவன், ஆளில்லாத நேரத்தில் மட்டையைத் தொட்டான். சில வருடங்களில் அவனை வெல்ல அங்கே ஒருவரும் இல்லை. மார்க்கர் ஆக்கினார்கள்.

மார்க்கரின் வேலை ஜெயிப்பது அல்ல. துரை அடிக்கத் தோதாக அவருடைய வலது கைக்கே பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசிவரை இழுத்துப் பிடித்து மயிரிழையில் தோற்க வேண்டும். பிறகு, "இன்னிக்கி ஐயா கை நல்லா பேசுது" என்று சொல்ல வேண்டும். வெள்ளைத் துரைகள் போய் நம்மவர்கள் வந்தார்கள். பந்து அதே கைக்குத்தான் போயிற்று.

போட்டிகளில் அவன் சேர முடியாது. கூலிக்கு ஆடுகிறவன் போட்டிக்கு ஆகாதவன் என்பது அன்றைய விதி. உழைக்காமல் சாப்பிட முடிந்தவனே விளையாட்டு வீரன் என்று தீர்மானித்தவர்களுக்குக் கனவான்கள் என்று பெயர்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த பிறகு திருப்பதியில் ஒரு கல்லூரி அவனைத் தற்காலிகப் பயிற்சியாளராக எடுத்தது. மனைவி ருக்மணியோடு அலிபிரிப் பக்கம் வாடகைக்குக் குடிவந்தான். மாணவர்களிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "அவன் இல்லாத எடத்துல போடு. மூஞ்சியப் பாக்காதே, பாத்தா பாவமா பூடும்." பையன்கள் கோப்பையோடு திரும்பினார்கள். வேலை நிரந்தரமாகும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பள்ளிப்பட்டு மதராஸ் பக்கம் போயிற்று.

"உன் ஊரு அந்தாண்ட பூடுச்சே, முனிசாமி" என்றார் கல்லூரிக் கமிட்டியில் இருந்த கங்கையா.

"ஊருதான் பூடுச்சு சார். நான் இங்கதான கீறேன்."

கங்கையா சிரித்தார். சிரித்த வாயாலேயே அந்த வேலைக்குத் தம் நண்பர் மகன் வெங்கடரமணன் பெயரைச் சொன்னார். பட்டதாரி, பல்கலைக்கழக அணியில் ஆடியவன். கல்லூரி முதல்வர் தேசிகன் மட்டும் குறுக்கே நின்றார். "ரெண்டு பேரும் ஆடட்டும். ஜெயிக்கிறவருக்கு வேலை."

முனிசாமியின் ஆயுளில் அதுதான் முதல் நிஜமான ஆட்டம். கல்லூரியே திரண்டு வந்தது. முதல் செட்டை அவன் அநாயாசமாக எடுத்தான். வெங்கடரமணனுக்கு இடது பக்கம் பலவீனம், அங்கேயே அடித்தான். இரண்டாவது செட்டிலும் அவன்தான் முன்னே.

அப்போது வெங்கடரமணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மார்க்கர், பந்து" என்றான். இழிவுபடுத்தச் சொன்னதல்ல. கிளப்பில் பழகிய வாய்.

முனிசாமி ஓடினான். வேலியோரம் கிடந்த பந்தைப் பொறுக்கிக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தும் வலது கைக்கே போயிற்று. "எடது பக்கம் போடுங்க சார்" என்று மாணவர்கள் கத்தினார்கள். கடைசிவரை இழுத்துப் பிடித்து, மயிரிழையில் தோற்றான். வலையருகே வந்து, "இன்னிக்கி ஐயா கை நல்லா பேசுது" என்றான்.

ருக்மணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வேணும்னு தோத்தியாய்யா?"

"இல்லமே."

"பின்ன இன்னா?"

"நான் அந்தாண்டதான் பாக்கறேன். கையி அவனாண்டயே குடுக்குது."

"சரி, துன்னு."

அவன் தின்னவில்லை.

ஏழுமலையான் எழுதினது என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஏழுமலையானா அவனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தான்? தோற்றால்தான் சோறு என்று ஒரு மனிதனின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வருடக்கணக்கில் பழக்கியது ஒரு கிளப். அதை விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அவன் சித்தூருக்கே திரும்பி, அதே கிளப்பில் மார்க்கரானான். முழங்கால் விட்டுப்போகும்வரை தோற்றான். போனபின் அங்கே இன்னொருவனைப் போட்டார்கள்.

நாளைக் காலை உங்கள் கிளப்பில் ஒருவன் மட்டையோடு காத்திருப்பான். பந்து வெளியே போனால் நீங்களே போய்க் குனிந்து எடுங்கள். "என் கைக்குக் கொடுக்காதே" என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் சிரித்துவிட்டு, கொடுக்கத்தான் செய்வான். மறுநாளும் சொல்லுங்கள்.