திருப்பிக் கேட்காத குளிசை

குருநகரில் அற்புதராணியின் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளும் அங்கேயே தங்கியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், பிடித்த மீனைப் பங்கு போட்டுப் பழகியவர்கள் நாங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்கும் அதே முறைதான். பிரித்த கையோடு சொக்கிலேட்டும் சவர்க்காரமும் நாலு வீட்டுக்குப் போய்விடும். வாங்குகிறவர்களுக்குக் கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது, நான் உட்பட.

போன வருடம் அவளுடைய கணவர் சிமியோனுக்கு மாரடைப்பு வந்து, பிழைத்தார். கனடாவில் இருக்கும் மகள் ஷெரோன் பதறிப்போய் ஒரு பெரிய போத்தல் மருந்து அனுப்பினாள். அமினோ அமிலக் குளிசை. இரத்தக் குழாய்களை விரித்து, இதயத்துக்கு இரத்தம் நன்றாக ஓட வைக்குமாம். அன்று பின்னேரமே அற்புதராணி பாதியை எடுத்துக்கொண்டு கனிசியஸ் வீட்டுக்குப் போனாள். அவன் சிமியோனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். அவனுக்கும் அதே நெஞ்சு வருத்தம்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை நிப்பாட்டுங்கோ அம்மா. மாரடைப்பு வந்த ஆக்களுக்குக் குடுத்துப் பாத்தவை, நன்மை ஒண்டும் காணேல்லை. கெடுதல் வரவும் கூடும். நாங்கள் தாற குளிசையை மட்டும் விடாமல் குடிக்கச் சொல்லுங்கோ."

சிமியோன் அன்றே நிறுத்திவிட்டார். கனிசியஸிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அற்புதராணிக்குத் தெரியவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால், கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள் என்று ஆகிவிடும். அவனுக்கும் கிளினிக் இருக்கிறதுதானே, அங்கே சொல்வார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எங்கள் ரோசத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

ஒரு விடியற்காலை, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது கனிசியஸ் சரிந்து விழுந்தான். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே உயிர் போய்விட்டது. வருத்தம் முற்றியிருந்ததோ, மருந்து பிழையாகிப் போனதோ, யாராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அற்புதராணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் கனிசியஸின் மனைவி றஜனிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"றஜனி, அந்தக் குளிசை கூடாதெண்டு டொக்டர் எனக்கு முதலே சொன்னவர். நான்தான் வந்து சொல்லேல்லை. குடுத்ததை எப்பிடிக் கேக்கிறதெண்டு இருந்திட்டன்."

றஜனி அவள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டையும் சேத்துக் குடிக்க அவருக்குத் தலை சுத்தினது அக்கா. ஒண்டை விடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அக்கா தந்ததை விட்டால் அவ மனம் நோகும் எண்டு சொல்லி, கிளினிக் குளிசையை விட்டிட்டார்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் அற்புதராணி தாங்கியிருப்பாள்.