கீழ் லயத்துத் தண்ணீரை அடைத்தவர்

ரொட்டி வண்டிக்காரர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலில் மோட்டாரை அணைக்காமலே, "வாத்தியாரே, பைப்பு காத்தமுத்து போயிட்டாரு லா. விடியக்காலம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில" என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டேதான் வந்தேன்" என்றும் சொன்னார். நானும் காத்தமுத்துவும் பேச்சு இல்லாதவர்கள் என்பது ரிங்லெட் முதல் கோலா தெர்லா வரை இந்த மலை முழுவதும் தெரிந்த விஷயம். அது மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்காக ஒரு வரி: காத்தமுத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தண்ணீர்க்காரர். தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மேல் லயத்துக்கு மலைக்காட்டு ஓடையிலிருந்தும், கீழ் லயத்துக்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்து ஓடையிலிருந்தும் பைப்பில் தண்ணீர் வரும். இரண்டு ஓடையிலும் ஒரு சிறு தொட்டி, தொட்டியின் வாயில் ஒரு கம்பிவலை. அந்த வலைகளில் சிக்கும் இலையையும் சேற்றையும் எடுத்துவிடுவதுதான் அவர் வேலை.

எழுபத்து மூன்றில் நான் இந்தத் தோட்டப் பள்ளிக்கு வந்தபோது, குடியிருப்பில் குழாய் சொட்டுகிறது என்று சொல்லியனுப்பினேன். வந்தவர் முதலில் குழாயைப் பார்க்கவில்லை. அதன் அடியில் ஒரு பால்டின்னை வைத்துவிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பீடி முடிவதற்குள் டின் நிரம்பிவிட்டது. "பாத்தீங்களா வாத்தியாரே, ஒரு பீடிக்கு ஒரு டின்னு. ஒரு ராத்திரிக்கு ஒரு பிள்ளையக் குளிப்பாட்டிடலாம்" என்றார். பழைய டயர் டியூபிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்தார். சொட்டு நின்றது. டின்னில் இருந்த தண்ணீரைக் கொண்டுபோய் என் மனைவியின் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

பொதுக்குழாயடியில் துவைத்த தண்ணீர் வழிந்து பாதையைச் சேறாக்கும். அதற்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிச் சௌசௌப் பந்தலுக்குத் திருப்பிவிட்டவரும் அவரே. அந்தப் பந்தலில் யார் வேண்டுமானாலும் காய் பறிக்கலாம். ஒரு முறை, "யாருடைய பந்தல் இது?" என்று கேட்டேன். "துணி தொவைக்கிற எல்லாரோடதும்" என்றார்.

எழுபத்தொன்பதில் தோட்டங்களுக்கிடையே தூய்மைப் போட்டி வந்தது. கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு, அதற்கு நான்தான் செயலாளர். அப்போது தலைமையாசிரியர் பதவி ஒரு முறை என்னைத் தாண்டிப் போயிருந்தது. (பிறகு இன்னொரு முறையும் போயிற்று. அந்தக் கோபத்தை நான் விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை.) பெரிய அதிகாரிகள் முன்னால் என் பெயர் வர ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன். இரண்டு நாளில் லயங்கள் பளபளத்தன. சேர்ந்த குப்பையை எங்கே போடுவது என்று கேட்டார்கள். கோயில் பின்பள்ளத்தைக் காட்டினேன்.

காத்தமுத்து ஓடிவந்தார். "அங்க கொட்டாதீங்க வாத்தியாரே. கீழ் லயத்துத் தண்ணி அந்த ஓடையிலேருந்துதானே போவுது? புல்லுக்கு அடிக்கிற மருந்து டின்னெல்லாம் அதுல கிடக்கு."

"நீங்க பைப்பப் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் ஒருநாளும் அவரை அண்ணன் என்று அழைத்ததில்லை.

நாங்கள் முதற்பரிசு வாங்கினோம். அதற்கு மறுநாள் மழை பெய்தது. அதற்கும் மறுநாள் காத்தமுத்து கீழ் லயத்து வால்வை மூடிவிட்டார்.

யாரையும் கேட்காமல் மூடினார். அறுபது குடும்பம் மேல் லயத்துக்கு ஏறி, வாளியில் தண்ணீர் சுமந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர், காத்தமுத்துவின் வீட்டு வாசலில் நின்று, "உங்கப்பன் வீட்டுத் தண்ணியாடா?" என்று கத்தினார். "எங்கப்பன் வீட்டுத் தண்ணியா இருந்தா தொறந்து விட்டிருப்பேன் மண்டோரே. இது பிள்ளைங்க குடிக்கிற தண்ணி" என்றார் காத்தமுத்து. பிறகு ஐந்து நாள் தனியாகப் பள்ளத்தில் இறங்கிக் குப்பையை அள்ளினார். அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள். அந்த வாரம் தோள்வலி என்று முனகினார்களே தவிர, ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பரிசுப் பத்திரத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டுவதற்காகக் கூடியிருந்தோம். முழங்கால்வரை சேற்றோடு காத்தமுத்து வந்தார். சாக்கு சாக்காகக் கொண்டுவந்து என் நாற்காலிக்கு முன்னால் இறக்கினார். மண்டபமே நாறியது.

"உங்க சாமான், வாத்தியாரே. பள்ளத்துல மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க."

அன்று எழுந்த சிரிப்பை நான் ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே மானேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். தொழிலாளி ஒருவர் அதிகாரமின்றி அறுபது குடும்பங்களின் குடிநீரை நிறுத்தினார் என்ற கடிதம். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கையெழுத்து மட்டும் போடவில்லை. காத்தமுத்துவை வெளிக்காட்டுக்குப் புல்வெட்ட அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து, பைப்பு எங்கே போகிறது என்று வேறு யாருக்கும் தெரியாததால் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடமும், ஞாயிறுதோறும், அவர் சாக்கும் தேய்க்கிற பிரஷுமாகப் பள்ளத்தில் இறங்குவதை என் பின்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அது அவர் வேலையே இல்லாத காலம்.

நாங்கள் பேசாமலிருந்த ஒன்பது வருடத்தில் என் வீட்டுக் குழாய் ஒருநாளும் சொட்டவில்லை. நான் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து வந்து ரப்பரை மாற்றிவிட்டுப் போவார். என் மனைவி தேநீர் கொடுத்தால், "வாத்தியாருக்குத் தெரிய வேணாம்மா, பாவம், கோவிச்சுக்குவாரு" என்பாராம். அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்காகவும் இரண்டு வருடம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று.

"அண்ணே, அந்தக் கடுதாசி நான் எழுதினது" என்றேன்.

"தெரியும் லா" என்றார். "ஆபீஸ் கிராணி படிச்சு அர்த்தம் சொன்னாரு. அப்படி ஒரு இங்கிலீசு நம்ம தோட்டத்துல வேற யாருக்கு வரும்? கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியை ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றச் சொன்னார். பிறகு, "பள்ளத்து வலைய இப்ப யாரு சுத்தம் பண்றா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடம் அவர் பார்த்துக்கொண்ட தண்ணீரைக் குடித்தவனுக்குத் தெரியவில்லை. "பாக்கறேன்ணே" என்றேன். திரும்பி வந்தேன், பார்க்கவில்லை. பரீட்சைத் தாள்கள் இருந்தன, மழையாக இருந்தது. ஏதோ ஒன்று எப்போதும் இருந்தது.

இறுதிச் சடங்கில் சத்தமாக அழுதவர் அந்த மண்டோர்தான். மலையைக் காத்த மாமனிதர் என்று மாலை போட்டுப் பேசினார்கள். அந்த ஐந்து நாளில் அவர்களில் ஒருவர்கூட ஒரு சாக்கைப் பிடித்துத் தூக்கிவிட்டதில்லை. நானும் தூக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பள்ளத்தில் இறங்கினேன். தொட்டிக்குப் பக்கத்து மரத்தில் அவருடைய பிரஷ் ஒரு பால்டின்னுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிவலை பாதிக்கு மேல் அடைத்துப்போயிருந்தது. இலை, பிளாஸ்டிக் பை, பிஸ்கட் உறை. சுற்றுலா வருகிறவர்கள் போட்டதும் உண்டு, மேல் லயத்தில் நாங்கள் போட்டதும் உண்டு. வலையைத் தேய்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மாறியது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பிரஷும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும்தான். மூன்று மாதத் தாமதத்துக்கு நான் என்னை மன்னிக்கவில்லை. கோபத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு அனுபவம் உண்டு.

போன வாரம் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தது. தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைத் தாண்டி நடந்தேன். "என்ன வாத்தியாரே, யாரு சாமான் அது?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னுது" என்றேன்.