மாதேஷ் பேசிய கன்னடம்

ஹெப்பாளில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். ஏழாவதோடு பள்ளியை விட்ட நாள்முதல் நான் விட்டவற்றைச் சொல்லப் போனால் பொழுது போதாது. வழியில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த சிமெண்ட் வாசனை. அதோடு மாதேஷ் நினைவுக்கு வந்துவிட்டான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்த ஊரில் ஒரு தெருவுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் தமிழர்கள் என்று கன்னடம் பேசும் தெருப் பையன்களுக்குத் தெரியக்கூடாது என்பது என் கவலை. அம்மா வெளியே வந்து என்னைக் கூப்பிடவே கூடாது என்று அழுது ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். தெருக்கோடித் தகரக் கொட்டகையில், தமிழர் வாழும் காட்டோர ஊரான கோபிநத்தத்திலிருந்து வந்த கொத்தனார் மகன் மாதேஷ் இருந்தான். குழாயடியில் அவன் அம்மாவோடு என் அம்மா தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டான்.

"டேய், நீயும் நம்மூரு ஆளா?"

"யாருகிட்டயும் சொல்லாதடா. ஆட்டத்துல சேக்க மாட்டாங்க."

"செரி, சொல்லல போ. பெரிய கலெக்டரு!"

ஆள் இல்லாத இடங்களில் தமிழில் பேசிச் சிரிப்போம். அப்படிச் சிரிக்க எனக்கு வேறு யாரும் இல்லை.

ஒருநாள் கண்ணாமூச்சி ஆட்டம். சுவரில் முகம் வைத்துக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்; ஒளிந்தவர்களும் கேலியாகக் கூடவே எண்ணினார்கள். அவசரத்தில், பத்துக்கு மேல் என்னையறியாமல் தமிழுக்குப் போய்விட்டேன்.

"ஏய், யாரோ அது தமிளல்லி எணிசித்து?" தமிழில் எண்ணியது யார் என்று கேட்டுக்கொண்டே பையன்களில் பெரியவன் நாகராஜ் வெளியே வந்தான்.

சுவரிலிருந்து திரும்பினேன். மணல் குவியலுக்குப் பின்னாலிருந்து மாதேஷ் எழுந்தான். "நானே. சும்மா தமாஷெகெ."

"ஹோகோ காடிகெ!" காட்டுக்குப் போ என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். மற்றவர்களைவிடச் சத்தமாக.

மறுநாள் குழாயடியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "டேய் மாதேஷா" என்றேன்.

"ஏனு பேக்கு?" என்றான். என்ன வேண்டும் என்று, கன்னடத்தில். கோபம்கூட இல்லை. அவன் அப்பாவின் கட்டட வேலை முடிந்து கொட்டகையைப் பிரிக்கும்வரை என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை. எனக்குத் தமிழ் தெரியாது என்ற பொய்யை அவன் ஒருவன்தான் கடைசிவரை காப்பாற்றினான். பிறகு எத்தனையோ ஊர்களில் எவனாவது 'ஏனு பேக்கு' என்றால் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நடந்துகொண்டிருந்த கால்கள் அந்தத் தெருவுக்கே போயின. கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி. குழாயும் சுவரும் இல்லை. பெயர் தெரிந்த பழைய ஆள் எவரும் இல்லை. கேட்டில் காவலுக்கு ஆள் தேவை என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை போனேன். மேனேஜர், எந்தெந்த மொழி தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார்.

"தமிழ்" என்றேன்.

"கன்னட?"

"அதுவும் பரத்தே சார்." அதுவும் வரும் என்று, கன்னடத்திலேயே.

ஒரு காவலாளிச் சட்டையைக் கொடுத்தார். தோளில் பெரிதாக இருந்தது. போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றேன்.