பட்டுச் சேலைகளுக்கு நடுவே ராப்

பதுளையில் ஏசி போட்ட ஒலிப்பதிவு ஸ்டூடியோ என்னுடையது ஒன்றுதான். என் போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னவனும் நான்தான், அது வேறு விஷயம். பெயர் ஜெயரூபன். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச், இரண்டு ஜெர்மன் ஸ்பீக்கர், விமானம் ஓட்டுகிற மாதிரி பட்டன்கள் நிறைந்த மேசை, சாய்ந்தால் தூக்கம் வருகிற நாற்காலி. இவற்றை வாங்கிய கதையை ஆரம்பித்தால் என் மனைவி இன்றைக்கும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இத்தனையும் வைத்துக்கொண்டு நான் ஒரு புடவைக்கடைப் பெண்ணிடம் தோற்றேன். அழ வேண்டிய விஷயம், ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அவள் பெயர் சுதர்சினி. வயது இருபத்தாறு. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். அப்பா சிவஞானத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா ஜெயலெட்சுமி கொழுந்து எடுப்பவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று பதுளையில் மீனாம்பாள் அம்மாளின் புடவைக்கடையில் சேலை மடிக்கச் சேர்ந்தாள். பெறுபேறு வந்தது. சுமார்தான். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கடை வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. தீபாவளி நெருங்கினால் காலையிலிருந்து கத்தும். என்ன கத்துகிறது என்றுதான் யாருக்கும் விளங்காது. ஒரு நாள் சுதர்சினி பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு குமிழைத் திருகினாள். அந்த வருசம் எதிர்க்கடைக்கென்று வந்த சனம்கூட ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. சத்தத்தைக் கூட்டினாயா என்று மீனாம்பாள் அம்மாள் கேட்க, இல்லை, குறைத்தேன் என்றாளாம். அடியில் இரைகிற இரைச்சலைக் குறைத்தால் பேச்சு தானாக மேலே வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கக் கொழும்பில் ஒரு மனிதர் ஆறு மாதம் போராடினார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகிறபோதும் வருகிறபோதும் போனில் ஒலி கலக்கிற மிக்ஸிங் பாடங்களாகப் பார்த்துத் தள்ளினாள். சொந்தக்காரர் ஒருவர் கழித்துவிட்ட லேப்டாப் ஒன்றும் வந்து சேர்ந்தது. பற்றரி செத்துப்போன லேப்டாப், சுவரில் செருகினால்தான் உயிர் வரும். கடைக்குப் பின்னால் சேலை அடுக்கும் அறையில் ஒரு பிளக் இருந்தது. சாப்பாட்டு நேரத்து ஒரு மணித்தியாலத்துக்கு அந்த அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை சேலை. கை தட்டினால் எதிரொலி என்கிற பேச்சே கிடையாது. என் சுவரில் இருப்பது ஸ்பாஞ்ச், அவள் சுவரில் இருப்பது காஞ்சிபுரம். நியாயமாகப் பார்த்தால் விலை உயர்ந்த ஸ்டூடியோ அவளுடையதுதான்.

அங்கே வந்து பாடுகிறவன் தினேஸ். பூனாகலைத் தோட்டத்து இளைஞன், ராப் பாடுவான், ஒரே மூச்சில் எட்டு வரி போவான். லீவு கிடைக்கிற நாளில் பதுளைக்கு வந்து கூறைப்பட்டு அடுக்கைப் பார்த்து நின்று பாடிவிட்டுப் போவான். மீனாம்பாள் அம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கல்யாணச் சேலைகளுக்கு முன்னால் கெட்ட வார்த்தை வரக்கூடாது. உலகத்து ராப்பில் பாதியை இப்படி ஒரே சட்டத்தில் அந்த அம்மாள் தடை செய்துவிட்டார். தினேஸும் மறுபேச்சில்லாமல் கெட்ட வார்த்தை இருந்த இடத்திலெல்லாம் நகைச்சுவையைப் போட்டுக்கொண்டான்.

பாட்டைக் கலந்து முடித்ததும் சுதர்சினி அதை ஒரு பென்டிரைவில் போட்டு, தான் போகிற பஸ்ஸின் டிரைவர் புஹாரியிடம் கொடுப்பாள். பிறகு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஹாலிஎல தாண்டித் தோட்டத்து ஏற்றம் தொடங்கும்போது பஸ் முதல் கியருக்கு வந்து முக்கும், முனகும். அந்த முனகலையும் மீறி ஒவ்வொரு சொல்லும் கடைசி சீட்டுக்கு வந்தால் பாட்டு தேறிவிட்டது. வராவிட்டால் மறுநாள் மறுபடியும் சேலை அறை. இந்த முறையைக் கேள்விப்பட்டபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்ன செய்வது, போர்டு வைத்திருப்பவனுக்கு அந்தச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

போன வருசம் ஒரு கொழும்பு வானொலி, மாகாணத்துக்கு ஒரு ஹிப் ஹாப் பாட்டு என்று கேட்டு அறிவித்தல் விட்டது. அதில் 'ஸ்டூடியோ தரத்தில் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி தினேஸின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சுதர்சினி ஏற்கெனவே கலந்து முடித்திருந்த பாட்டின் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு நேரே என் படியேறி வந்தான். அவளும் கூடவே வந்தாள். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் ஓரமாக நின்றபடியே ஒன்று சொன்னாள்.

"நல்லா பண்ணிக் குடுங்க அண்ணே, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒன்னு, இந்தப் பாட்டு என் கைய விட்டுப் போனா இவனோட மத்த பாட்டும் போயிரும். அப்புறம் எனக்குச் சேல மடிக்கிறது மட்டுந்தான்."

தினேஸ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் பூனாகலைப் பாட்டை ஏசியில் வைத்துக் கலக்கப்போகிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. பாட்டு, பூனாகலை ரோட்டு வளைவுகளில் பஸ் பிடித்துக் குடும்பத்தோடு பெண் பார்க்கப் போகிற ஒருவனைப் பற்றியது. ஒவ்வொரு வரியாக எடுத்துச் சுத்தம் செய்தேன். மூச்சுச் சத்தத்தை வெட்டினேன். அடியில் அதிர்கிற பேஸைக் கூட்டினேன் பாருங்கள், மேசையில் இருந்த தேத்தண்ணீர் கோப்பை நகர்ந்து போனது. கடைசி வரிகளுக்குக் குகைக்குள் பாடுவது போல ஓர் எதிரொலி கொடுத்தேன். எனக்கே புல்லரித்தது.

மூன்றாம் நாள் அவர்கள் இருவரையும் கூப்பிட்டு இரண்டு மிக்ஸையும் போட்டுக் காட்டினேன். என்னுடையதற்கு தினேஸ் வாயைத் திறந்தவன் மூடவில்லை. அவளுடையது என் ஜெர்மன் ஸ்பீக்கரில் சோப்புப் போட்டுத் துவைத்த சட்டை போலச் சுருங்கிக் கிடந்தது. சுதர்சினி முகம் வாடிவிட்டது. "இங்க உங்களதுதான் அண்ணே நல்லாருக்கு. ஆனா நம்ம ஆளுக யாரும் இந்த நாற்காலில உக்காந்து பாட்டுக் கேக்கப் போறதில்ல. நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே, ஒருக்கா பஸ்ல வந்து கேளுங்க," என்றாள். வருகிறேன் என்றேன். வெற்றி விழாவுக்குப் போகிறவன் மாதிரி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். புஹாரியின் பஸ்ஸில் ஸ்பீக்கர் நான்கு உண்டு. அதில் ஒன்று அழகுக்கு. நாங்கள் மூன்று பேரும் கடைசி சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஹாலிஎலவரை ஏதேதோ பாட்டு ஓடியது. ஏற்றம் தொடங்கியதும் புஹாரி முதலில் என்னுடைய மிக்ஸைப் போட்டார்.

முதல் வளைவுவரை பெருமையாக இருந்தேன். இரண்டாம் வளைவில் பஸ் முதல் கியருக்கு வந்தது. என் அருமை பேஸும் எஞ்சினின் உறுமலும் அண்ணன் தம்பி மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டன. பாட்டு எங்கே முடிகிறது, எஞ்சின் எங்கே தொடங்குகிறது என்று பெற்றவனான எனக்கே தெரியவில்லை. பிறகு எதிரொலி வந்தது. பஸ்ஸுக்குள் யாரோ கிணற்றில் விழுந்து கத்துகிற மாதிரி இருந்தது. முன் சீட்டில் மடியில் மரக்கறிக் கூடை வைத்திருந்த அம்மா, தலை வலிக்கிறது, அதை நிறுத்துங்கள் என்று டிரைவரிடம் கேட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

புஹாரி சுதர்சினியின் மிக்ஸைப் போட்டார். அதே ஏற்றம், அதே கியர். ஆனால் தினேஸ் பஸ்ஸுக்கு நடுவில் எழுந்து நின்று பாடுவது போலக் கேட்டது. பாட்டில் பதினோராம் வளைவில் மாமாவுக்கு மயக்கம் வந்தபோது மரக்கறி அம்மா திரும்பிப் பார்த்தார். இருபதாம் வளைவில் பொண்ணுக்கு வாங்கிய பூவை யாரோ கொண்டுவந்த ஆடு தின்றபோது இரண்டு சீட்டுத் தள்ளி ஒருவர் களுக்கென்றார். கடைசி வரிகள் வந்தன. அந்த இடத்தில் அவள் தாளத்தை, பேஸை, எல்லாவற்றையும் சட்டென்று எடுத்துவிட்டிருந்தாள். தனிக் குரல் மட்டும்:

"நாப்பது வளைவு தாண்டி நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள
பொண்ணுக்குக் கல்யாணமாகி புள்ளைக்குக் காதுகுத்து."

சிரிப்பில் பஸ்ஸே வெடித்தது. மரக்கறி அம்மா கூடையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். கூடையிலிருந்த லீக்ஸ் உருண்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். புஹாரி சிரித்த சிரிப்பில் கியர் போட மறந்து பஸ் ஓர் அடி பின்னால் போய் நின்றது. அதற்கும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் திடீரென்று உறைத்தது. இந்த வரியை நான் இரண்டு நாளில் முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதன் சீறலை வெட்டினேன், அளவைச் சரிசெய்தேன், எதிரொலியில் குளிப்பாட்டினேன். அது ஒரு பகிடி என்று எனக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்து இன்னும் சிரிப்பு வந்தது.

கடைசி பஸ் தரிப்பில் இறங்கியதும் தினேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவையும் பார்த்த பிறகும் அவனுக்குப் பயம் போகவில்லை.

"ஸ்டூடியோ தரம்னு போட்டிருக்காங்களே அண்ணே. நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. எத அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்க."

சுதர்சினி எங்களைப் பார்க்கவில்லை. தேயிலைப் பக்கம் திரும்பி நின்று துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும், பாட்டு என்னுடையதாகிவிடும். என் போர்டு, என் நாற்காலி, சமையலறைக்குப் போகிற என் மனைவி, எல்லாம் கண்முன் வந்து போயின.

"அவளோடத அனுப்புடா. என்னோடத அனுப்பினா காதுகுத்துக்கு ஒருத்தனும் சிரிக்க மாட்டான்," என்றேன்.

அவள் திரும்பினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், அரை மணித்தியாலம் உங்கள் ஸ்டூடியோவைத் திறக்க முடியுமா அண்ணே என்று கேட்கிறாள். நேற்று என் ஸ்பீக்கரில் தன் மிக்ஸைக் கேட்டபோது இரண்டாம் பாகத்தில் ஏதோ ஒன்று உரசியதாம், அது என்னவென்று தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லையாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் ஸ்பீக்கருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதே பஸ்ஸில் திரும்பினோம். வழியில் புஹாரி யாரும் கேட்காமலேயே பாட்டை மறுபடி போட்டார்.

ஸ்டூடியோவில் இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் பாகத்தை ஓட்டினோம். குரலுக்கு அடியில், மிக மெல்லிசாக, 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். மூவரும் காதைக் கொடுத்தோம். அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. கடையின் முன்பக்கத்தில் ரவிக்கைத் துணி கிழிக்கிற சத்தம். தன் இயர்போனில் எத்தனையோ தடவை கேட்டும் ஒருநாளும் காதில் விழவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். மூன்று நிமிடத்தில் அதை எடுத்துவிட்டாள். வேறு ஒரு பட்டனையும் தொடவில்லை.

வானொலிக்கான படிவத்தை தினேஸ் போனில் நிரப்பினான். பாடியவர், எழுதியவர் இரண்டிலும் தன் பெயர். அடுத்த கட்டம் ஒலிக்கலவை. இதுவரை எந்தப் பாட்டிலும் அந்த இடத்தில் அவன் ஒன்றும் போட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அவன் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினான். எழுதி முடித்துச் சரியா என்று கேட்டு உரக்க வாசித்தான்.

"ஒலிக்கலவை, சிவஞானம் சுதர்சினி."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுழலும் நாற்காலி அவளோடு சேர்ந்து அரைச்சுற்று சுற்றியது.

"இன்னொருக்கா வாசிடா," என்றாள்.

வாசித்தான்.