எங்கள் வீட்டு எர்த் கம்பி

எங்கள் வோஷிங் மெஷினைத் தொட்டால் கரண்ட் அடித்தது. எனக்கு மட்டும். களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் கணவர் தொட்டால் அது பூனைக்குட்டி போலப் பேசாமல் கிடந்தது.

"உனக்கு நரம்பில ஏதோ கோளாறுகா. டொக்டரிட்டக் காட்டு," என்றார்.

காட்டினேன். டொக்டர் விற்றமின் எழுதித் தந்தார். இரண்டு மாதம் விழுங்கி, நல்ல தெம்போடு கரண்ட் வாங்கினேன்.

ஒருநாள் அடித்த அடியில் என் முழங்கை சுவரில் போய் மோதியது. இவரைக் கேட்காமலே, கட்டாரில் பல வருடம் வயரிங் செய்துவிட்டு வந்த காத்தான்குடி நானாவுக்குப் போன் போட்டேன். அவர் சனிக்கிழமை வந்தார். மெஷினைப் பார்க்குமுன் எங்கள் கால்களைப் பார்த்தார்.

"சேர் றப்பர் செருப்பு. தங்கச்சி வெறுங்கால், ஈரத் தரை," என்றவர், டெஸ்டரை மெஷினில் வைத்தார். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது.

"கரண்ட் வந்த இடத்துக்குத் திரும்பிப் போகணும் தங்கச்சி. வழி இல்லாட்டி அசையாது. மெஷின்ல கசியிறது எர்த் வயரால மண்ணுக்கு இறங்கி, ட்ரான்ஸ்போமருக்குத் திரும்பணும். இஞ்ச அந்த வழி எங்கயோ அறுந்திருக்கு. அதால உங்கட உடம்பால போகுது. சேர்ட செருப்பு வழிய அடைக்குது."

"இத நான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறன்," என்றார் கணவர்.

நானா பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே பின்வளவுக்குப் போனார். வயரின் நுனி சுவரோரம் அந்தரத்தில் தொங்கியது. கீழே மணலில் ஒரு குழி.

"கம்பி எங்க?"

என் கணவர் வாவிப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல, பாகற்கொடிப் பந்தலைக் காட்டினார். செப்புக் கம்பி அதன் ஒரு மூலையைத் தாங்கி நின்றது.

"சும்மா நட்டு வெச்ச கம்பி எண்டு நினைச்சன்."

நானா அதை அசைத்துப் பார்த்தார். "நல்ல ஆழமா இறக்கியிருக்கீங்க சேர். பாகற்காய்க்கு எர்த் சரியா இருக்கு."

குசினிப் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது. "அந்த விற்றமின நீங்க குடிச்சிருக்கணும்," என்றேன். அவர் பந்தலிலிருந்து கம்பியைப் பிடுங்கப் போனார்.

கம்பியைப் பழைய இடத்தில் அடித்து, வயரை இறுக்கி, மெஷினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது. இவருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா நானா, இருந்ததையும் பழுதாக்கிட்டீங்க!"

"இல்ல சேர். கரண்டுக்கு இப்பதான் நேர்வழி கிடைச்சிருக்கு. போனது முழுக்க வயரால திரும்பி வரல்ல எண்டு சுவிட்ச் கண்டுபிடிச்சிட்டு. கள்ளன் உள்ள இருக்கான்."

மெஷினைக் கழற்றினோம். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரில் வெடிப்பு விழுந்து, கரண்ட் அதன் வழியே கசிந்திருந்தது. புதியதைப் பூட்டியபின் ஈரக்கையோடு தொட்டேன். தகரம் தகரமாகவே இருந்தது.

நானா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் கொப்பியும் பேனையும் எடுத்துவந்து வீடு, கம்பி, மண் எல்லாம் வரைந்து, எர்த் எப்படி வேலை செய்கிறதென்று அவருக்கே அரைமணி நேரம் படிப்பித்தார். நானா பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்து, "ஓம் சேர், ஓம் சேர்," என்று கேட்டார். கடைசியில் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"ட்ரான்ஸ்போமருக்குத் திரும்பிப் போற கோட்ட விட்டிட்டீங்க சேர்."