சராசரி மண்

காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சரிவு என்றால் என்னவென்று தெரிய வாய்ப்பில்லை. எங்கள் தெருவில் பெய்கிற மழையே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு நின்று யோசிக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய் என் மனைவியின் தம்பி மலைச்சரிவில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து எலுமிச்சை வைத்தான். அவன் மாமனாரின் பட்டுக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. "ஆடி வரைக்கும் அதுல யாரையும் உக்கார வைக்க மாட்டேன் மாப்ள" என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். அதை அவன் மிரட்டலாக எடுத்துக்கொண்டான். சரியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

மேல்வரிசைக் கன்றுகள் மஞ்சளாகிவிட்டன. கீழ்வரிசை கரும்பச்சை. "நர்சரிக்காரன் ரெண்டு தினுசு கலந்து ஏமாத்திட்டான் மாமா" என்றான். நான் படித்தவன் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் காப்பாற்றுவதற்காக, மண்ணைப் பரிசோதிக்கலாம் என்றேன். பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து ஒரு பை அனுப்ப வேண்டும் என்று படித்திருந்தேன். உச்சியிலிருந்து அடிவாரம் வரை தோண்டி, பிரியாணி கிளறுவதுபோலக் கிளறி அனுப்பினோம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாமே நடுத்தரம் என்று பதில் வந்தது. என் மதிப்பெண் சான்றிதழுக்குப் பிறகு இவ்வளவு நடுத்தரமான தாளை நான் பார்த்ததில்லை.

எல்லா வரிசைக்கும் ஒரே அளவு உரம் போட்டான். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

என் மனைவி வந்து பார்த்தாள். மண் எடுத்த கதையைக் கேட்டதும் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இத்தினி வருஷம் பொடவ வித்தியே, முந்தி, உடம்பு, கரை மூணையும் சேத்து அரைச்சு, இந்தப் பொடவ இன்னா கலர்னு சொல்லுவியா?"

"மாமாதான் புக்குல இருக்குதுன்னாரு அக்கா."

"அவர கூட வெச்சிக்கினு செஞ்சா இப்படித்தான் ஆவும்."

புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஒரே சீரான நிலத்துக்குத்தான் அந்த முறை என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு முதல் வரியை விட்டுவிட்டுப் படிக்கிற பழக்கம்.

இம்முறை மேல், நடு, கீழ் என்று தனித்தனிப் பைகள். மேலே எல்லாம் குறைவு, கீழே தாராளம். மழை சும்மா இறங்குவதில்லை. மெல்லிய மண்ணையும் மக்கிய இலையையும் அள்ளிக்கொண்டுதான் இறங்குகிறது. தழைச்சத்தின் பெரும்பகுதி அந்த மக்கில் இருக்கிறது. மணிச்சத்து மெல்லிய மண்ணில் ஒட்டிக்கொண்டே கீழே போய்விடுகிறது. மேலே மிஞ்சுவது சரளை. கீழே மண் ஆழம், ஈரமும் உண்டு. செடி செழித்து உதிர்க்கும் இலை அங்கேயே மக்கி அதற்கே உரமாகிறது. இருக்கிற இடத்திலேயே மேலும் சேர்வதைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை, பெரிய காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு பணக்காரக் கல்யாணத்துக்குப் போனால் போதும்.

உயரம்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதியிருப்பேன். அதே மலையின் வடக்குச் சரிவு அந்தத் தீர்ப்பைக் கெடுத்துவிட்டது. அதே உயரத்தில் அங்கே மண் கறுப்பாக இருந்தது. வெயில் நேராக விழாததால் ஈரம் தங்கி, மரங்கள் பிழைத்து, அவற்றின் வேர்கள் மண்ணைப் போகவிடாமல் பிடித்திருந்தன.

மச்சான் மஞ்சள் கன்று ஒன்றைப் பிடுங்கினான். வேர் பாறையில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்த வரிசைகளைத்தான் அவன் முதலில் நட்டான்.

"இங்க குறுக்கால கல்லு அடுக்கி, புல்லு விட்டா மண்ணு தங்கும் இல்ல மாமா?"

"தங்கும். ஆனா உன் மாமனார் காத்திருக்கற வேகத்துல தங்காது."

கீழே இருந்த பச்சையைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டான்.

"மாமா, அந்த நாற்காலில வேற ஆள உக்கார வெச்சிடுங்க." அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. "ஹலோ, ஹலோ, இங்க டவர் இல்ல மாமா" என்று வைத்துவிட்டான்.

டவர் நன்றாகத்தான் இருந்தது. அடிவாரத்தில் கிடந்த கற்களை நாங்கள் மேலே தூக்க ஆரம்பித்தோம்.