சலூன்காரரின் வலது கை

எங்கள் தெரு சலூன்காரருக்கு வாய் ஓய்வது தூங்கும்போது மட்டும்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

திடீரென்று அவருடைய வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேல் எழ மறுத்தது. நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் நெட்டைத் தபால்காரரின் உச்சந்தலை எட்டவில்லை. அவரைச் சின்ன முக்காலியில் உட்காரவைத்து வெட்டினார். முழங்கால் தாடையில் இடிக்கப் பொறுத்துப் பார்த்த தபால்காரர், மெல்ல எதிர்க்கடைக்கு நழுவினார்.

"அவரே போயிட்டா அப்புறம் யார் நிப்பாங்க?" என்று வீட்டில் புலம்பினார் சலூன்காரர். மனைவி அவரைப் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் இழுத்துப் போனார்.

அந்தப் பெண் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, மறு கையால் அவர் கையைத் தூக்கினாள்.

"கையைத் தளர விடுங்கண்ணே."

"விட்டுட்டேனேம்மா."

எங்கே விட்டார்! கை கட்டையாக விறைத்திருந்தது. வாயோ அவள் முடியின் நுனி பிளந்திருப்பதை விலாவாரியாக ஆராய்ந்துகொண்டிருந்தது. ஊரார் தலையையெல்லாம் "தளர்த்துங்க சார்" என்று அதட்டிய மனுஷருக்குத் தன் கையை அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தெரியவில்லை.

"பாதி இறுக்கம், பாதி பயம்," என்றாள் மனைவியிடம். "எப்பதான்க்கா இவர் சும்மா இருப்பாரு?"

"தூங்கறப்பதான். கடைக்கு வர்றவங்க எல்லாம் அந்த நாற்காலியில சொக்கிடுவாங்க. இவர்தான் ஒருநாளும் அதுல உட்கார்ந்ததில்ல."

மறுநாள் மதியம் அவள் கடைக்கே வந்துவிட்டாள். அவர் நாற்காலியில் அவரையே உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, தலையில் தண்ணீர் தெளித்துச் சீவினாள். எதிர்க்கடையைத் திட்டிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. குறட்டை வந்தது. தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, கையை அவசரப்படாமல் தூக்கினாள். காதைத் தாண்டியது. உச்சியையும் தாண்டியது.

விழித்தவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"யார் கை இது?"

"உங்க கைதாண்ணே. இதுக்கு மேல நீங்களே பிடிங்க பார்ப்போம்."

அவள் விட்டாள். கை இறங்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கதவு திறந்தது. எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்த தபால்காரர் அசடு வழிய நின்றார்.

"கண்ணாடிக் கதவு வழியா கையைத் தூக்கிக் கூப்பிட்டீங்களே, பார்த்துட்டேன். அந்தப் பக்கம் சும்மா பேப்பர் படிக்கத்தான் போனேன்."

சலூன்காரர் தூக்கிய கையை இறக்காமலே எழுந்தார்.

"ஆமா, கூப்பிட்டேன். வாங்க, நாற்காலியிலேயே உட்காருங்க."